மூலையில் சிமிட்டும் கோடு

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பிவந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஆன் ஆகவில்லை. விசிறி சுற்றியது. கேபினெட்டின் முன்னால் நீல விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பு. ஐந்தாறு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, கேபினெட்டை மட்டும் பழைய போர்வையில் சுற்றி, அல்சூரில் ஆட்டோ பிடித்து எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப் பெயர். டவுன் ஹாலிலிருந்து நடக்கிற தூரம்தான். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, இந்த ஊருக்கு அது. மென்பொருளால் பேர் வாங்கிய நகரத்தில், கம்ப்யூட்டரின் உடம்பைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள் அந்தச் சந்துகளில் இருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாலும் கையை வைப்பதற்கு முன் கேள்வி கேட்பார்.

“இன்னா சார், ஆன் ஆகலையா, டிஸ்ப்ளே வரலையா?”

“டிஸ்ப்ளே வரலை.”

அவருடைய மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டிப் பட்டனை அமுக்கினார். ஒரு நிமிடத்துக்குள் விண்டோஸ் வந்து நின்றது. பல்வலியோடு போனவனுக்கு டாக்டர் வீட்டு வாசற்படியில் வலி நின்றுபோன கதை. “நல்லாத்தானே இருக்கு சார்? தேதி மட்டும் தப்பா காட்டுது, வீட்டுக்குப் போய் மாத்திக்குங்க” என்றவர், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். திரையின் வலது மூலையில் 2011 ஜனவரி 1 என்று இருந்தது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாட்டினேன். மறுபடியும் கறுப்பு.

‘ஆன் ஆகவில்லை’ என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை விதமான நோய் ஒளிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எஸ்.பி. ரோட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. பட்டனை அமுக்கியும் அசைவே இல்லையென்றால் ‘டெட்’. விசிறி சுற்றித் திரை கறுப்பாக இருந்தால் ‘நோ டிஸ்ப்ளே’. கம்பெனிச் சின்னம் வந்து அங்கேயே உறைந்தால் ‘லோகோவில் நிக்குது’. விண்டோஸ் வரை வந்து திரும்பத் திரும்ப விழுந்தால் ‘ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு’. பெயர்கள் கொச்சையாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும், ஓடிவந்த இயந்திரம் எந்த மைல்கல்லில் விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டர் எழுந்திருப்பது ஒரே செயல் அல்ல, தொடர் ஓட்டம். ஒருவர் ஓடிவந்து அடுத்தவர் கையில் கோலைக் கொடுக்க வேண்டும். கோல் எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்குப் போகும்போது விழுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

இந்தத் தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், அதாவது விண்டோஸ் எழும் இடத்தில், கோல் விழுந்த நாள் ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் அலுவலகங்களில் நீலத் திரை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களின் ஆபீஸ் லேப்டாப்புகளும் தப்பவில்லை. மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்க, திரையில் ஒரு சோக முகம் தோன்றும், இயந்திரம் தானே அணைந்து தானே எழும், மறுபடி அதே சோக முகம்.

காரணம் ஒரு சின்னக் கோப்பு. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஃபால்கன் என்னும் பாதுகாப்பு மென்பொருளைப் பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் கம்ப்யூட்டர்களில் வைத்திருக்கின்றன. புதுப்புதுத் தாக்குதல்களை அடையாளம் காண அது அடிக்கடி சிறு கோப்புகளை இறக்கிக்கொள்ளும். அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு அப்படி ஒரு கோப்பு அனுப்பப்பட்டது. அதன் அமைப்பில் 21 கட்டங்கள் எதிர்பார்க்கப்பட்டன. அதைப் படிக்கும் நிரலுக்குக் கிடைத்ததோ 20 மதிப்புகள்தான். இல்லாத 21-ஆவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் கையை விட்டது நிரல். பந்தியில் 20 இலை போட்டிருக்க 21-ஆவது இலைக்குச் சாம்பார் ஊற்றினால் என்ன ஆகும்? தரையில்தான் கொட்டும்.

இதே தவறை நீங்கள் பாட்டுக் கேட்கிற ஒரு செயலி செய்திருந்தால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். ஃபால்கன் ஓடுவது கெர்னல் என்கிற கருவறையில். அங்கே எல்லாக் கதவும் திறந்திருக்கும். வன்பொருள் முழுவதும் கைக்கெட்டும். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் வேறு எதெது கெட்டிருக்கும் என்று விண்டோஸால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே மேலும் கெடுதல் நடக்காமல் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடுகிறது. நீலத் திரையை நாம் திட்டுகிறோம்; உண்மையில் அது வீட்டில் புகை வந்ததும் மெயினை அணைக்கிற வேலை.

நின்றுபோனது மறுபடி எழுந்தால் சரியாகிவிட வேண்டியதுதானே? ஆகவில்லை. ஏனென்றால் வைரஸ் முந்திக்கொள்ளாமல் இருக்க, விண்டோஸ் எழும்போதே ஃபால்கனும் எழுந்துவிடும். எழுந்ததும் அதே கோப்பைப் படிக்கும். அதே இடத்தில் விழும். 78 நிமிடம் கழித்து, 10.57-க்கு, நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்துகிடந்த இயந்திரங்களுக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? இணையத்தில் சேருகிற அளவுக்கு அவை எழுந்தால்தானே? பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

வைத்தியம் எளிது. விண்டோஸை ‘சேஃப் மோடு’ என்ற நிலையில் எழுப்ப வேண்டும். அதில் விண்டோஸ் தன் சொந்த வீட்டு ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு வரும். ஃபால்கன் போன்ற வெளியார் டிரைவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே போய், 291 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி எழுப்பினால் முடிந்தது. இதை ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் ஒரு மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததுதான் கஷ்டம். போதாததற்கு ஆபீஸ் லேப்டாப்புகள் பலவற்றின் டிஸ்க்குகள் பிட்லாக்கர் பூட்டுப் போட்டவை. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் வேண்டும்.

அன்றைய கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சில இயந்திரங்களுக்கு, சும்மா திரும்பத் திரும்ப அணைத்துப் போடச் சொல்லி மைக்ரோசாஃப்டே ஆலோசனை கொடுத்தது. 15 தடவை வரை போட்ட பிறகு எழுந்தவை உண்டு என்றும் சொன்னது. கேட்டால் மூடநம்பிக்கை மாதிரி இருக்கிறது. ஆனால் காரணம் உண்டு. எழும்போது இரண்டு காரியங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போடுகின்றன: இணையத்தில் சேர்ந்து திருத்திய கோப்பை இறக்குவது ஒன்று, பழைய கோப்பைப் படித்து விழுவது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் முந்தும். எப்போதாவது ஒரு தடவை முதலாவது ஒரு மயிரிழையில் முந்திவிட்டால் இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். ‘ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்கிற நம் தேசிய வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஃபால்கன் இருப்பது அபூர்வம். ஆனால் கடைசிச் சுற்றில் விழுவதென்னவோ வீட்டிலும் அடிக்கடி நடப்பதுதான்; பிரிண்டருக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ புதிய டிரைவர் போட்ட மறுநாள் நீலத் திரை வரும். எழும் நேரத்தில் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து தடைபட்டால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம், போன வாரம் இருந்த நிலைக்குத் திரும்பலாம். இந்தக் கட்டத்தில் விழுந்த இயந்திரத்தில் உங்கள் படங்களும் கணக்குகளும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதனால்தான், ‘ஃபார்மேட் பண்ணிடலாம் சார்’ என்று எடுத்த எடுப்பில் சொல்கிற கடைகளை எனக்குப் பிடிப்பதில்லை. காய்ச்சலுக்கு வந்தவனிடம் தலையை மாற்றிவிடலாம் என்பது போன்றது அது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 வந்த பிறகு வீட்டு லேப்டாப்புகளிலும் டிஸ்க் பூட்டு தானாகவே போடப்பட்டுவிடுவது உண்டு. அந்த 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இயந்திரம் நன்றாக ஓடுகிற நாளிலேயே அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிற நாளில் அதைப் பார்க்கத் திரை இருக்காது.

என் கம்ப்யூட்டரோ கடைசிச் சுற்றுக்கு வந்ததாகவே தெரியவில்லை. நீலத் திரை வந்திருந்தால்கூட மகிழ்ந்திருப்பேன். ஆகவே முதல் சுற்றிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

முதலில் மின்சாரம். பட்டனை அமுக்கியதும் மின்சாரம் பாய்கிறது என்றுதான் நினைத்திருப்போம். டியூப்லைட்டுக்கு அது சரி. கம்ப்யூட்டரில் பட்டன் வெறும் மனு. சுவரில் சுவிட்சைப் போட்டதுமே, கேபினெட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டுக்கு 5 வோல்ட்டில் கொஞ்சம் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் தூங்கிய பிறகும் கூடத்தில் எரிகிற ஜீரோ வாட் பல்பு மாதிரி. பட்டனை அமுக்கும்போது மதர்போர்டு ஒரு பச்சை ஒயர் வழியாக ‘முழுசும் கொடு’ என்று கேட்கிறது. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் கிளப்பி, அவை ஆடாமல் நிலைத்த பிறகு சாம்பல் நிற ஒயரில் ‘தயார்’ என்று சைகை அனுப்புகிறது. இதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை விநாடி வரை ஆகும். அந்தச் சைகை வரும்வரை பிராசஸரை எழவிடாமல் பிடித்து வைத்திருப்பார்கள். தள்ளாடும் மின்சாரத்தில் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும் என்பதால்.

பட்டனை அமுக்கினால் விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறதா? எங்கோ ஷார்ட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு எதைக் கழற்றினால் விசிறி நிற்காமல் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். எதுவுமே அசையவில்லை என்றால் சந்தேகம் முதலில் சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். பெங்களூரில் கோடை மழைக்கு முதல் காற்று அடித்ததுமே கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். போகும்போது ஆகிற கெடுதலைவிடத் திரும்பி வரும்போது ஏற்படும் அதிர்ச்சிதான் அதிகம் சேதம் செய்யும். பழைய போர்டுகளில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். 1999 வாக்கில் தொடங்கிச் சில வருடங்கள், உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவை சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உலகமெங்கும் போர்டுகளில் ஏறி, வாயு உண்டாகித் தலை உப்பி வெடித்தன. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் போய் நேர்மின்னோட்டமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

என் பெட்டியில் விசிறி சுற்றியது, நின்றுவிடவில்லை. முதல் சுற்று தேறியது.

மின்சாரம் வந்ததும் பிராசஸர் எழுகிறது. எழுந்தவுடன் அதற்கு எதுவுமே தெரியாது. ராம் காலியாக இருக்கிறது. டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. திரை, கீபோர்டு எதுவும் இன்னும் அறிமுகமில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் கட்டளை எந்த முகவரியில் இருக்கும் என்பது. வெளியே போகிறவர்கள் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவார்களே, அதுபோல. இன்டெல் வழிவந்த பிராசஸர்களுக்கு அந்த இடம், 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் முன்னால். பிராசஸர் அங்கே கையை நீட்டினால் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன சில்லில் எழுதிய நிரல் கிடைக்கும். அதுதான் பயாஸ். இப்போதைய இயந்திரங்களில் அதன் வாரிசான யுஇஎஃப்ஐ.

எழுந்திருப்பதற்கு ‘பூட்’ என்று பெயர் வந்ததே இந்தக் குழப்பத்தால்தான். பூட்ஸின் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறவன் என்று ஒரு கேலி மேற்கத்தியரிடம் உண்டு. ஜெர்மானியப் புளுகர் மூன்ஷ்ஹௌசன் பிரபு, சதுப்பில் சிக்கியபோது தன் குடுமியைத் தானே பிடித்து இழுத்துத் தப்பித்ததாகச் சொல்லிக்கொள்வார். கம்ப்யூட்டரின் பாடும் அதுதான்: நிரலை ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? 1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் முன்பலகைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி மனிதரே முதல் நிரலைப் போட வேண்டியிருந்தது. இன்று அந்தக் குடுமியைப் பயாஸ் பிடித்துக்கொள்கிறது.

பயாஸ் முதலில் தன் வீட்டுச் சாமான்களைச் சரிபார்க்கிறது. ராம் சரியில்லையென்றால் திரையில் எழுதக்கூட முடியாது. ஆகவே பீப் ஒலியால் பேசும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் பல போர்டுகளில் திரைக்கான கார்டில் கோளாறு. தந்திக் குமாஸ்தா மாதிரி இதைக் காதாலேயே படிக்கிற மெக்கானிக்குகள் உண்டு. இப்போது வருகிற கேபினெட்டுகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரையே வைப்பதில்லை. போர்டில் நாலு விளக்குகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

‘நோ டிஸ்ப்ளே’ என்று போனால் எஸ்.பி. ரோட்டில் முதல் காரியம், ராமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவது. பத்துக்குப் பல தடவை இயந்திரம் எழுந்துவிடும். பெருமை ரப்பருக்குப் போகும். தங்கம் துருப்பிடிக்காத உலோகம். அந்தப் பற்களின் மேல் படிவது தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, சொருகுமிடத்தில் சேர்ந்த அழுக்குப் படலம். கழற்றிச் சொருகும்போது பல்லும் பொருத்துவாயும் உரசிக்கொள்வதிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். தங்கப் பூச்சோ மிக மெல்லியது. ரப்பர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், தூளும் உள்ளே விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி நல்லது. இதை ஒருநாள் என் மெக்கானிக்கிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கரெக்ட்தான் சார், ஆனா ரப்பர் அஞ்சு ரூபா” என்றார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: டிடிஆர்5 ராம் போட்ட புதிய இயந்திரங்கள், முதல் தடவை எழும்போது ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூடக் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்கும். அதற்குள் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அன்று இரவு நானும் ராமைக் கழற்றிச் சொருகினேன். கறுப்புதான். சலித்துப்போய் அறை விளக்கை அணைத்துவிட்டு எழுந்தபோது, இருட்டில் ஒன்று கண்ணில் பட்டது. மானிட்டரின் இடது மேல்மூலையில், எறும்பு அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் அதுவரை ‘டிஸ்ப்ளே வரலை’ என்று சொன்னது பொய். டிஸ்ப்ளே வந்திருக்கிறது! அந்த ஒரு கோட்டை வரைய எஸ்எம்பிஎஸ் வேலை செய்திருக்க வேண்டும், பிராசஸர் எழுந்திருக்க வேண்டும், ராம் தேறியிருக்க வேண்டும், கிராஃபிக்ஸும் மானிட்டர் கேபிளும் சரியாக இருக்க வேண்டும். பயாஸ் தன் கடமையை முடித்துவிட்டுக் கோலை யாரிடமோ கொடுத்திருக்கிறது. வாங்கினவன்தான் நின்றுவிட்டான். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது; மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன்.

“கோடு சிமிட்டுதா? அப்போ டிஸ்ப்ளே வருது சார். பின்னாடி பென்டிரைவ் கிரைவ் ஏதாவது சொருகி வெச்சிருக்கீங்களா?”

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஊருக்குப் போகிற அன்று காலையில் ஃபோன் படங்களையெல்லாம் ஏற்றிவைத்த வெளி ஹார்ட் டிஸ்க், கேபிளோடு கிடந்தது. கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றியபோது பிடுங்கியது, வந்ததும் மற்ற ஒயர்களோடு ஒயராக நானே திரும்பச் சொருகியது. பிடுங்கிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். விண்டோஸ் வந்தது.

நடந்தது இதுதான். என் பழைய போர்டு போன்ற பயாஸ் இயந்திரங்களில், சாமான் சரிபார்ப்பு முடிந்ததும் பயாஸ் ஒரு வரிசைப்படி டிஸ்க்குகளைத் தட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் முதல் 512 பைட்டை மட்டும் எடுக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் ஒரு குறிப்பிட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் போதும், வேறெதுவும் கேட்காமல் இயந்திரத்தையே அதன் கையில் ஒப்படைத்துவிடும். என் வெளி டிஸ்க்கில் முத்திரை இருந்தது, விண்டோஸ் இல்லை. கோலை வாங்கிக்கொண்டு, எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. கோடு சிமிட்டியது அதன் திருதிரு விழிப்பு.

இந்தக் குருட்டு நம்பிக்கையை நம் பக்கத்து நாட்டில் இரண்டு சகோதரர்கள் 1986-லேயே உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள். லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி. அவர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று அறியப்படுகிறது. ஃபிளாப்பியின் முதல் பகுதியில் அது உட்கார்ந்துகொள்ளும். யாராவது ஃபிளாப்பியை டிரைவில் மறந்து விட்டுவிட்டு இயந்திரத்தைப் போட்டால், பயாஸ் வழக்கம்போல முதல் பகுதியை எடுத்து ஓட்ட, வைரஸ் நினைவகத்தில் ஏறிவிடும். அதற்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையெல்லாம் சகோதரர்கள் எழுதி வைத்திருந்தார்கள் என்பது இன்றைய வைரஸ்காரர்களால் நம்ப முடியாத வெகுளித்தனம். ஃபிளாப்பியை மறந்து விடுகிற அந்தப் பழைய குற்றத்தைத்தான் நான் ஹார்ட் டிஸ்க்கை வைத்துச் செய்திருக்கிறேன். புதிய யுஇஎஃப்ஐ இயந்திரங்கள் முதல் 512 பைட்டை நம்புவதில்லை. கையெழுத்துச் சரிபார்த்த பிறகே கோலைக் கொடுக்கிற ஏற்பாடும் அவற்றில் உண்டு.

ஒரு கேள்வி மிச்சம். அந்த வெளி டிஸ்க் பொங்கலுக்கு முன்பும் பலநாள் சொருகியே கிடந்திருக்கிறது. அப்போதெல்லாம் எழுந்த இயந்திரம் இப்போது மட்டும் ஏன் எழவில்லை?

விடை, கடையில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்ட தேதியில் இருந்தது. கடிகாரத்தையும் என் பயாஸ் அமைப்புகளையும் மறக்காமல் காப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி. சிஆர் 2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் எண்ணாகச் சொல்லியிருக்கிறார்கள். 3 வோல்ட். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, அந்த ஜீரோ வாட் பல்பு மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். பேட்டரிக்கு வேலை குறைவு. அதனால் அது கிழண்டுபோனது எனக்குத் தெரியவே இல்லை. ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனோம். பத்து நாள் தனியாகச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. நினைவு போயிற்று. எழுந்த போர்டுக்கு, தான் பிறந்த வருடமான 2011 மட்டும்தான் ஞாபகம். எந்த டிஸ்க்கை முதலில் தட்டுவது என்று நான் எப்போதோ போட்டிருந்த வரிசையையும் மறந்துவிட்டு, ஆலையில் எழுதிக் கொடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையில் யுஎஸ்பிக்குத்தான் முதல் மரியாதை.

மறுநாள் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 40 ரூபாய்க்கு ஒரு பேட்டரி வாங்கினேன். முந்தைய நாள் ஆட்டோவுக்குப் போகவர ஆனதை இங்கே எழுத வேண்டாம். மெக்கானிக் பழைய பேட்டரியை வாங்கி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். 2.1 காட்டியது. “தேதியைப் பார்த்தப்பவே நான் மாத்திக் கொடுத்திருக்கணும் சார்” என்றார். பேச்சு நடக்கும்போதே போர்வை சுற்றிய இன்னொரு கேபினெட்டோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார் மெக்கானிக்.

“இன்னா சார், ஆன் ஆகலையா, டிஸ்ப்ளே வரலையா?”